பதில்: இறால் குட்டைக்குப் பக்கத்து வயலில் உப்பு

வணக்கம் நண்பரே. பக்கத்தில் இறால் குட்டை வெட்டிய பிறகு வரப்போரம் உப்புப் பூத்து, நாற்று நுனி கருகுகிறது என்றீர்கள். கடைக்காரர் சொன்னார் என்று ஜிப்சத்துக்கு இப்போதே காசு போடாதீர்கள். அது களர் நிலத்துக்கு, அதாவது சோடியம் மிகுந்த மண்ணுக்குத்தான் மருந்து. முதலில் மண்ணைப் பரிசோதியுங்கள். மண்ணின் உப்பளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசைமன்ஸுக்கு மேல், பி.எச். 8.5-க்குக் கீழ் என்றால் அது உவர் நிலம், அதாவது கரையும் உப்பு மிகுந்த மண். அந்த உப்பைக் கழுவ மழைத் தண்ணீரைத் தேக்கித் தேக்கி வடிக்க வேண்டும். ஆனால் குட்டைக்கும் வயலுக்கும் நடுவே ஆழமான வடிகால் வெட்டாமல் எத்தனை முறை கழுவினாலும் கசிவு திரும்ப வரும். வெட்ட வேண்டியவர் இறால் பண்ணைக்காரர், நீங்கள் அல்ல! அப்புறம் பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டை விதைத்து மடக்கி உழுங்கள்.

பண்ணைக்குக் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவு உண்டா? 2005 சட்டப்படி அது கட்டாயம். இல்லையென்றால் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுங்கள், மண் பரிசோதனை முடிவையும் இணைத்து.