ரைடை முதலில் வையுங்கள்

அன்புள்ள ஐயா,

மெல்லிசைக் குழுக்களைப் பற்றி நீங்கள் எழுதிய தொடரில், இளவயதில் ஒரு குழுவுக்கு ட்ரம்ஸ் தூக்கிய கதை வந்தது. அந்தத் துணிச்சலில் எழுதுகிறேன். தூத்துக்குடியில் எங்கள் சர்ச்சில் ஞாயிறு ஆராதனைக்கு ட்ரம்ஸ் வாசிக்கிறேன். சேர்த்து வைத்த சம்பளத்தில் சொந்தமாக ஒரு கிட், அதாவது முழு ட்ரம்ஸ் செட், வாங்கப் போகிறேன். கடைக்காரர் மேலே, காலால் அடிக்கும் பேஸ் ட்ரம்மின் தலையில், 10, 12 அங்குல டாம் (உருட்டி வாசிக்கும் ட்ரம்) இரண்டும் கீழே தரையில் நிற்கும் 14 அங்குல ஃப்ளோர் டாம் ஒன்றும் எடுக்கச் சொல்கிறார். கூட வாசிக்கும் நண்பரோ மேலே ஒரு 12, கீழே 14, 16 என்று இரண்டு ஃப்ளோர் டாம் எடு என்கிறார். எதை எடுப்பது? மேப்பிள் மரம் நல்லதா, பிர்ச் மரம் நல்லதா? மேலே ஒரே ஒரு டாம் இருந்தால் கத்துக்குட்டி என்று நினைக்க மாட்டார்களா? இன்னொன்று, நான் ஐந்தடிக்குச் சற்று மேல். ட்ரம்ஸுக்கு இந்த உயரம் போதாது என்று சிலர் சொல்கிறார்கள். நிஜமா?

ம., தூத்துக்குடி

அன்புள்ள ம.,

போன வாரம் ஒரு கல்யாண வரவேற்பில் சாப்பாட்டை மறந்து ட்ரம்மரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது வயதுப் பையன். மேலே மூன்று டாம், கீழே இரண்டு. நல்ல கை, நல்ல காலப்பிரமாணம். ஆனால் பல்லவிக்கு ரைடு சிம்பலுக்கு, அதாவது வலது கை தாளத்தை விடாமல் ஓட்டும் பெரிய உலோகத் தகட்டுக்கு, போகும்போதெல்லாம் வலது தோள் காது வரைக்கும் ஏறியது, முதுகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மூன்றாவது டாமை இரண்டு மணி நேரத்தில் ஒருமுறைகூட அவன் தொட்டதாக எனக்கு ஞாபகமில்லை. வீட்டுக்கு வந்தும் அதே நினைப்பாக இருந்தபோதுதான் உங்கள் கடிதம். இல்லையென்றால் இதற்குப் பதில் எழுதியிருப்பேனா தெரியாது, கடையில் கேட்கவேண்டிய கேள்வி என்று விட்டிருப்பேன்.

முதலில் அந்த உயர விவகாரம். யார் சொன்னார்கள் உங்களிடம்? சொன்னவர் ட்ரம்ஸ் வாசிப்பாரா? ஸ்டூலை ஏற்றி இறக்கலாம், ஸ்டாண்டை ஏற்றி இறக்கலாம், டாமைச் சாய்க்கலாம். திருகைத் திருகினால் தீரும் விஷயத்தை உடம்பின் குறையாக நீங்கள் எடுத்துக்கொண்டதுதான் எனக்குக் கோபம். வயலா ஸ்மித் என்று ஒரு அமெரிக்க ட்ரம்மர். 1912இல் பிறந்தவர். பெண்கள் மட்டுமே வாசித்த ஹவர் ஆஃப் சார்ம் ஆர்கெஸ்ட்ராவில் இருந்தார். 1942இல், ஆண்களெல்லாம் போருக்குப் போய்க்கொண்டிருந்த நேரத்தில், பெரிய பேண்டுகளில் பெண்களுக்கு இடம் கொடுங்கள் என்று டவுன்பீட் என்ற இசைப் பத்திரிகையில் எழுதியவர். அவருடைய கிட்டின் அடையாளம் என்ன தெரியுமா? 16 அங்குல டாம் இரண்டு, மற்றவர்கள் தரையில் நிறுத்தும் அளவு, அவற்றை இரண்டு பக்கமும் தோள் உயரத்துக்குத் தூக்கி மாட்டியிருந்தார். தரையில் வைப்பதைத் தரையில்தான் வைக்கவேண்டும் என்ற சட்டத்தை அவர் மதிக்கவில்லை. 107 வயதுவரை வாழ்ந்து 2020இல் இறந்தார். அவர் படத்தைத் தேடிப் பாருங்கள். பார்த்துவிட்டு, உயரம் பற்றிச் சொன்னவருக்கும் காட்டுங்கள்.

மேப்பிளா பிர்ச்சா? விடுங்கள். உங்கள் பட்ஜெட்டில் மரத்தைவிடத் தோல்தான் பேசும். கிட்டோடு வரும் தோலைக் கழற்றிப் போட்டுவிட்டு நல்ல தோல் மாட்டக் கொஞ்சம் பணத்தை ஒதுக்குங்கள், கீழ்த்தோலையும் மறக்காமல். அவ்வளவுதான்.

இனி, டாம். நீங்கள் டாமைப் பற்றிக் கேட்கிறீர்கள். நான் ரைடைப் பற்றிச் சொல்லப்போகிறேன், ஏனென்றால் அங்கேதான் எல்லாம் இருக்கிறது. ஒரு கணக்குப் போடுங்கள். நிமிடத்துக்கு நூறு தட்டு வேகத்தில் ஒரு பாட்டு, நான்கு நிமிடம். ஒரு தட்டுக்கு இரண்டு அடி வீதம் வலது கை ஓடினால் மொத்தம் 800 அடி. பாதி ஹை-ஹாட்டில், காலால் மூடித் திறக்கும் அந்த ஜோடிச் சிம்பலில், போகட்டும், மிச்சம் 400 ரைடில். அதே பாட்டில் டாமுக்கு எத்தனை அடி? சரணம் முடிகிற இடத்தில் ஒரு உருட்டல், பல்லவிக்குத் திரும்பும்போது ஒன்று. முப்பது, நாற்பது. அந்த நாற்பதுக்காக 400ஐத் தொலைவில் தள்ளி வைக்கிறோம்!

மேலே இரண்டு டாம் வைத்தால் பேஸ் ட்ரம்மின் தலைமாடு முழுக்க அவற்றுக்கே போய்விடும். ரைடு எங்கே போகும்? ஃப்ளோர் டாமுக்கு மேலே, வலது ஓரத்துக்கு. ஆறடி ஆள் அங்கே கையை நீட்டிச் சமாளித்துவிடுவார். நீங்கள் நீட்டினால் முழங்கை விலாவை விட்டுப் பிரிந்து காற்றில் நிற்கும், தோள் ஏறும். மேலே ஒன்றே ஒன்று என்றால் இரண்டாவது டாம் இருந்த இடத்துக்கு ரைடு இறங்கி வரும். முழங்கை உடம்போடு தொங்கும், மணிக்கட்டு மட்டும் வேலை செய்யும். வித்தியாசம் முதல் பாட்டில் தெரியாது. உபவாசக் கூட்டத்தில் மூன்று மணி நேரம் வாசித்துவிட்டு மறுநாள் காலையில் தலை பின்னக் கையைத் தூக்கும்போது தெரியும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. மதுரைப் பக்கம் நான் ட்ரம்ஸ் தூக்கிய அந்தக் குழுவில் வாசித்தவரை மாஸ்டர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவருடைய பழைய கிட்டில் மேலே ஒன்று, கீழே ஒன்று, அவ்வளவுதான். ஊர்க் கொடைகளில் சவுக்குக் கட்டை நட்டுப் பலகை பரப்பிய மேடை. மாட்டுகிற வரிசையை அவர் மாற்றவே விடமாட்டார். ஸ்டூல் முதலில். அவர் உட்கார்ந்து இரண்டு காலையும் இயல்பாக வைப்பார். கால் இருக்கிற இடத்துக்குத்தான் பெடல் வரவேண்டும், பெடலைத் தேடிக் கால் போகக்கூடாது. அப்புறம் இரண்டு முழங்காலுக்கும் நடுவே நிற்கும் ஸ்னேர் ட்ரம். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு வலது கையை முழங்கையோடு தூக்கி முன்னால் விடுவார். குச்சி முனை போய் நிற்கிற இடத்தைச் சுட்டி, “இங்க வை ரைடை” என்பார். மிச்சமிருக்கிற இடத்தில்தான் டாம். ஃப்ளோர் டாமின் மூன்று காலில் ஒன்றுக்கு ரப்பர் போய்விட்டது, சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருந்தோம். பேஸ் அதிர்வில் பலகை மேல் அது நகர்ந்து நகர்ந்து போகும், கயிறு போட்டு ஸ்டூல் காலோடு கட்டுவேன்.

பிறகு குழு முதலாளி பெரிய கிட் ஒன்று வாங்கினார். மேலே நான்கு, கீழே இரண்டு. மேடையில் பார்த்தால் பிரமாண்டமாக இருக்கும், ரேட்டைக் கூட்டிக் கேட்கலாம் என்பது அவர் கணக்கு. ஒன்றையும் கழற்றக்கூடாது என்று உத்தரவு. மெல்லிசைக் குழுவில் பக்கத்திலேயே தபேலா, டோலக், காங்கோ எல்லாம் இருக்கும். உருட்டுகிற வேலையைப் பாதி அவர்களே பார்த்துவிடுவார்கள். ட்ரம்மருக்கு டாமில் என்ன பெரிய சோலி? ஆனால் நான்கு டாமைத் தாண்டித்தான் ரைடு. மாஸ்டர் ஐந்தே கால் அடி இருந்தால் அதிகம். சீசனில் விடிய விடியக் கச்சேரி. சில வருஷத்தில் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாமல் போனது. சட்டை மாட்டும்போது நான் கையைப் பிடித்து உள்ளே விடுவேன். முதலாளி அவரை மாற்றிவிட்டு நெட்டையாக ஒரு பையனைப் போட்டார். கிட்டை மாற்றவில்லை.

அதனால்தான் ‘கத்துக்குட்டி என்று நினைக்க மாட்டார்களா’ என்ற வரியைப் படித்ததும் கடிதத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போனேன். பார்க்கிறவர்களுக்காகவா வாசிக்கிறீர்கள்? சரி, பார்க்கிறவர்களுக்காகவே பேசுவோம். 1930களின் நடுவில் பென்னி குட்மனின் ஜாஸ் குழுவில் டாமிலேயே தாளத்தை ஓட்டி ட்ரம்மரை மேடையின் முன்வரிசைக்குக் கொண்டுவந்தவர் ஜீன் க்ரூப்பா. அதற்கு முன் ட்ரம்மர்கள் வைத்திருந்தவை பெரும்பாலும் தோலை ஆணியடித்து இறுக்கிய சீன டாம்கள். சுருதி சேர்க்க முடியாது. இரண்டு பக்கத் தோலையும் முறுக்கிச் சுருதி சேர்க்கும் டாம் வேண்டுமென்று ஸ்லிங்கர்லேண்ட் கம்பெனியிடம் கேட்டு வாங்கியவர் அவர். பேஸ் மேல் ஒரு 13, தரையில் ஒரு 16. நாம் இன்று கிட் என்று சொல்வதன் அச்சு அதுதான். 1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் அமெரிக்கத் தொலைக்காட்சியில் முதன்முதலாக நேரடியாகத் தோன்றி நாட்டையே கிறுக்காக்கியபோது ரிங்கோ ஸ்டாருக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. ரோலிங் ஸ்டோன்ஸின் சார்லி வாட்ஸ் 2021இல் இறக்கும்வரை அப்படித்தான். லெட் செப்பலினின் ஜான் போனம் மேலே 14 ஒன்று, கீழே 16, 18. உங்கள் நண்பர் சொல்லும் வகை. ஜாஸ் ட்ரம்மர் பட்டி ரிச்சும் கீழே இரண்டு வைத்திருந்தார், அதில் இரண்டாவது முகம் துடைக்கும் துண்டு போடத்தான் என்று ட்ரம்மர்கள் சிரிப்பார்கள். இவர்களில் யார் கத்துக்குட்டி?

ஆனால் நண்பர் சொல்லும் 16ஐ இப்போது வாங்காதீர்கள். உங்கள் சர்ச்சை நான் பார்த்ததில்லை. ஆனால் நம் ஊர்ச் சர்ச்சுகள் அநேகமாகக் கான்கிரீட் சுவரும் வழவழத் தரையும்தான். அங்கே 16 அங்குலம் ‘பூம்’ என்று ஆரம்பித்தால் அடுத்த வரி பாடி முடியும்வரை அடங்காது. தவிர அது பேசவேண்டுமென்றால் பலமாக அடிக்கவேண்டும். ஜெபத்துக்குக் கீழே மெதுவாக உருட்டுகிற இடத்தில் 14 அழகாகப் பேசும், தளர்த்தினால் போதுமான கனமும் கிடைக்கும். ஃப்ளோர் டாமை உருட்டலின் கடைசிப் படியாக மட்டும் பார்க்காதீர்கள். பாட்டின் ஆரம்பத்தில் ரைடும் ஹை-ஹாட்டும் இல்லாமல் வலது கையை அதிலேயே ஓட்டிப் பாருங்கள், பாடுகிறவர்களுக்கு நிற்க ஒரு தரை கிடைக்கும்.

ஆகவே: 20 அங்குல பேஸ், 12 ஒன்று, 14 ஒன்று. 22 பேஸ் மேல் டாமை மாட்டினால் உங்களுக்கு நெஞ்சு உயரத்துக்கு வந்துவிடும். டாமின் ஆழம் 8 அங்குலம் போதும், ஆழம் கூடக்கூட மேல்விளிம்பும் உயரும். இன்னொரு தந்திரம், அந்த 12ஐ பேஸ் மேல் மாட்டவே வேண்டாம். சாதாரண ஸ்னேர் ஸ்டாண்டு ஒன்றில் வைத்து இடது பக்கம், ஹை-ஹாட்டை ஒட்டித் தாழ்வாக நிறுத்துங்கள். பேஸ் அதிர்வும் அதற்கு வராது, ரைடுக்கு நடுவே முழு இடமும் கிடைக்கும். ஸ்டாண்டின் மூன்று கையையும் விளிம்பில் இறுக்கிப் பிடிக்க விடாதீர்கள், கீழ்த்தோலின் அதிர்வு செத்துப்போகும்.

கடையில் டாமைக் கழற்றித் தரச் சொல்லி விளிம்பை இரண்டு விரலில் தொங்கவிட்டுத் தட்டுங்கள். பிறகு மாட்டித் தட்டுங்கள். இரண்டாவது முறை ஒலி சட்டென்று குட்டையாகிவிட்டால் மாட்டும் அமைப்பு சரியில்லை. குழாயை டாமின் மரக்கூட்டுக்குள் நுழைக்கிற பழைய வகையில் இந்தத் தொல்லை அதிகம். ஃப்ளோர் டாம் காலுக்கடியில் ஸ்பாஞ்சுத் துண்டு வைத்தும் தட்டிப் பாருங்கள், ஒலி நீளும். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும், பணம் உங்களுடையது.

வாங்குமுன் ஒரு காரியம். வரும் ஞாயிறு சர்ச் கிட்டில் மேலே இருக்கும் இரண்டாவது டாமைக் கழற்றிவிட்டு ரைடை அங்கே இறக்கி வாசியுங்கள். பாஸ்டர் கேட்டால் ரிப்பேர் என்று சொல்லிக்கொள்ளலாம், அந்தப் பொய்க்கு நான் பொறுப்பு. கழற்றியதை அறைக்குள் வைத்துப் பூட்டுங்கள், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் கையில் கிடைத்தால் போச்சு.

அன்புடன்.