கடல் கேள்விகள்: மீசையை என்ன செய்வது?

அரையாண்டு விடுமுறை நெருங்குகிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்தமானில் ஸ்நார்கெலிங் (முகத்தில் மாஸ்க், வாயில் மூச்சுக்குழாய், குப்புற மிதந்தபடி கடலுக்குள் பார்ப்பது) போவது பற்றித்தான். போர்ட் பிளேரில் (2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள், எனக்கு இன்னும் வாயில் வரவில்லை) 22 ஆண்டுகள் தமிழ்வழிப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள் என்பதால், அத்தனை கடிதங்களையும் என் பக்கம் தள்ளிவிட்டார்கள். ஆகவே இந்த இதழ் முழுக்கத் தண்ணீர்தான்.

வயது 52. நீச்சல் தெரியாது. ஹேவ்லாக் தீவுக்குப் போய் எலிஃபண்ட் பீச்சில் ஸ்நார்கெலிங் செய்ய மகன் எல்லோருக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டான். நான் கரையில் பைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றால் வீட்டில் சிரிக்கிறார்கள். என்ன செய்வது?
– திண்டுக்கல் வாசகி

சிரித்தவர்களில் ஒருவரைப் பைக்குக் காவல் வைத்துவிட்டு நீங்கள் போங்கள், அம்மா.

நான் முதன்முதலில் கடலுக்குள் முகத்தை வைத்தபோது எனக்கு வயது 41. நீச்சல் சுத்தமாகத் தெரியாது. பிறந்தது தூத்துக்குடி. கடலைப் பார்த்தே வளர்ந்தும் கணுக்காலுக்கு மேல் நனைந்ததில்லை. எங்கள் வீட்டில் பெண்பிள்ளைகளுக்குக் கடல் அவ்வளவுதான்.

2002-இல் பள்ளி ஆசிரியர்கள் எல்லோரும் சேர்ந்து ஜாலி பாய் தீவுக்குப் போனோம். கூட வந்த பையன் என் முகத்தில் மாஸ்க்கை மாட்டினான், வாயில் குழாயைத் திணித்தான், "சலியே மேடம்" (வாங்க மேடம்) என்று இழுத்துக்கொண்டு போய்விட்டான். நாலாவது மூச்சில் மாஸ்க்குக்குள் தண்ணீர். பழக்க தோஷம், மூக்கால் இழுத்தேன். உப்புத்தண்ணீர் மண்டைக்குள் ஏறியது. கையையும் காலையும் உதைத்துக் கீழே ஊன்றி நின்றேன். காலுக்கு அடியில் மணல் இல்லை, கிளை கிளையாக விரிந்த பவளம். அது ஒடிந்தது பாதத்துக்குத் தெரிந்தது. முழங்காலுக்குக் கீழே விழுந்த கீறல்கள் ஆற மூன்று வாரம் பிடித்தது. கிளைப் பவளம் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் வளர்ந்தாலே வேகம். உருண்டைப் பவளங்கள் ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தால் பெரிது. நான் ஒடித்தது எத்தனை வருட வளர்ச்சி என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்.

அந்தப் பையன் மேல் அன்று கோபப்பட்டேன். பாவம், அவன் இன்னும் எட்டுப் பேரை இழுக்க வேண்டியிருந்தது. அந்த அவசரத்துக்கு நானும் இடம் கொடுத்துவிட்டேன், "இரு, தம்பி" என்று ஒரு வார்த்தை சொல்லாமல். உங்களுக்கு நான் சொல்வதும் அது ஒன்றுதான்: அவசரப்படுத்த விடாதீர்கள்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால், வீட்டில் யாராவது பக்கத்தில் இருக்கும்போது ஒரு பெரிய பேசினில் தண்ணீர் நிரப்பி முகத்தை வைத்து, வாயால் மெதுவாக ஊதிப் பழகுங்கள். மூச்சை இழுப்பது தானாக நடக்கும், விடுவதைத்தான் பயத்தில் மறந்துவிடுவோம். கடற்கரையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, முதலில் மாஸ்க்கை மட்டும் போட்டு முகத்தை உள்ளே வையுங்கள். பிறகு குழாயோடு, நின்றபடியே இருபது மூச்சு. அந்த இருபதும் அமைதியாக வந்த பிறகுதான் காலைத் தூக்க வேண்டும். லைஃப் ஜாக்கெட் தூக்கிப் பிடித்துக்கொள்ளும், நீங்கள் நீந்த வேண்டியதே இல்லை. மிதவை வளையத்தைப் பிடித்துக்கொண்டால் வழிகாட்டி இழுத்துப் போவார். ஜாக்கெட்டின் எல்லா பக்கிள்களும் பூட்டியிருக்கின்றனவா என்று நீங்களே இழுத்துப் பாருங்கள். தளர்வாக இருந்தால் ஜாக்கெட் மேலே மிதக்கும், நீங்கள் கீழே இருப்பீர்கள்.

ஹேவ்லாக்கில் பெரும்பாலும் வங்காளிக் குடும்பங்கள். தமிழ் எடுபடாது, இந்தி எடுபடும். "தீரே, பையா" (மெதுவா, அண்ணா) போதும். கை சைகையில் ஒரு எச்சரிக்கை: தண்ணீருக்குள் கட்டைவிரலைத் தூக்கினால் "சூப்பர்" என்று அர்த்தமில்லை, "மேலே போகணும்" என்று அர்த்தம். நன்றாக இருக்கிறது என்று சொல்ல ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்ட வேண்டும். என் தோழி ஒருத்தி மகிழ்ச்சியில் கட்டைவிரலைத் தூக்கித் தூக்கிக் காட்ட, அவளை மூன்று முறை கரையில் கொண்டுபோய் விட்டார்கள்.

சேலை, துப்பட்டா வேண்டாம். உடம்போடு ஒட்டிய முழுக்கை டீ-சர்ட்டும் லெகிங்ஸும் போதும். குப்புற மிதக்கும்போது வெயில் கழுத்துக்குப் பின்னாலும் கெண்டைக்காலிலும்தான் அடிக்கும், துணி இருந்தால் சன்ஸ்கிரீன் அதிகம் தேவைப்படாது. சில சன்ஸ்கிரீன்களில் உள்ள ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் ஆகியவை பவளத்துக்கு ஆகாது என்று ஹவாயில் 2021 முதல் அவற்றின் விற்பனையையே தடுத்திருக்கிறார்கள். இதயக் கோளாறோ ஆஸ்துமாவோ இருந்தால் மகனிடம் இல்லை, மருத்துவரிடம் கேளுங்கள்.

எனக்கு அடர்த்தியான மீசை. மாஸ்க்குக்குள் தண்ணீர் வரும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். கண்ணாடியும் போடுகிறேன். இரண்டையும் என்ன செய்வது?
– விருதுநகர் வாசகர்

வரும், ஐயா. மாஸ்க்கின் சிலிக்கான் ஓரம் மேலுதட்டில்தான் உட்காரும். ஒவ்வொரு முடிக்கும் பக்கத்தில் தண்ணீருக்கு ஒரு வாய்க்கால் கிடைத்துவிடும். முழுக்க எடுக்க வேண்டாம். மூக்குக்கு நேர் கீழே, அந்த ஓரம் படுகிற இடத்தில் மட்டும் மெல்லிய கோடாக ஒதுக்கினால் போதும், முறுக்கு அப்படியே இருக்கும். அதற்கும் மனம் வராவிட்டால் தண்ணீரை வெளியேற்றக் கற்றுக்கொள்ளுங்கள்: தலையை நிமிர்த்தி, மாஸ்க்கின் மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்தி, மூக்கால் ஊதுங்கள். தண்ணீர் கீழ் ஓரம் வழியாக ஓடிவிடும்.

படகில் ஒரு கூடை மாஸ்க்கைக் கொட்டி "எடுத்துக்குங்க" என்பார்கள். பட்டியை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சி, கையை எடுத்துவிடுங்கள். விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்களுடையது. ஆவி படியாமல் இருக்க உள்பக்கம் எச்சிலைத் தேய்த்து ஒரு முறை அலசுங்கள். அருவருப்பாக இருந்தால் ஒரு சொட்டு பேபி ஷாம்பு.

மூக்குக்கண்ணாடி மாஸ்க்குக்குள் ஆகாது, அதன் காது இரண்டு பக்கமும் இடைவெளி உண்டாக்கிவிடும். பவர் வைத்த மாஸ்க் இருக்கிறதா என்று முந்தின நாளே கேளுங்கள். பவர் குறைவென்றால் கவலையே வேண்டாம். மாஸ்க் வழியாகப் பார்க்கும்போது தண்ணீருக்குள் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், கொஞ்சம் பக்கத்திலும் தெரியும். மீன் எவ்வளவு பெரிது என்று ஊர் திரும்பிச் சொல்லும்போது மட்டும் அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

ஸ்நார்கெல் குழாயை இரண்டு மீட்டர் நீளமாகச் செய்தால் ஆழத்தில் போய்ப் பார்க்கலாமே? ஏன் யாரும் செய்யவில்லை?
– எட்டாம் வகுப்பு மாணவர், தஞ்சாவூர்

இப்படி ஒரு கேள்விக்காகத்தான் தம்பி வகுப்பில் காத்திருந்தேன். கணக்கு போடு. ஒரு மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் தண்ணீர் கூடுதலாக 100 கிராம் அழுத்தும். உன் நெஞ்சு 30-க்கு 30 சென்டிமீட்டர் என்று வை. மொத்தம் 90 கிலோ. குழாய்க்குள் இருப்பதோ மேலே இருக்கும் சாதாரணக் காற்று. அந்த 90 கிலோவைத் தள்ளிக்கொண்டு உன் நெஞ்சு விரியாது. முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போகும் ஸ்கூபாக்காரர்களுக்கு அந்தந்த ஆழத்தின் அழுத்தத்துக்குச் சமமாகக் காற்று வருகிறது, அதனால் அவர்களால் முடிகிறது.

இன்னொன்று. இரண்டு சென்டிமீட்டர் அகலமுள்ள குழாய் இரண்டு மீட்டர் நீளம் இருந்தால் 600 மில்லிலிட்டருக்கு மேல் காற்று பிடிக்கும். நாம் சும்மா இருக்கும்போது ஒரு மூச்சு அரை லிட்டர்தான். ஆக, நீ விட்ட மூச்சையே திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருப்பாய். கடையில் விற்கும் குழாய் 40 சென்டிமீட்டர் அளவில் நிற்பதற்குக் காரணம் இதுதான். அடுத்த வாரம் வகுப்பில் சொல்லிவிடு.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எலிஃபண்ட் பீச், நார்த் பே, ஜாலி பாய் – எங்கே போகலாம்?
– கோயம்புத்தூர் வாசகர்

ஜாலி பாய். நான் பாரபட்சமில்லாதவள் என்று சொல்லமாட்டேன்.

நார்த் பே போர்ட் பிளேருக்கு நேர் எதிரே. பழைய இருபது ரூபாய்த் தாளின் பின்பக்கம் தென்னை மரங்களும் கலங்கரை விளக்கமுமாக ஒரு கரை இருக்குமே, அதுதான். அபர்டீன் ஜெட்டியிலிருந்து சட்டென்று போய்விடலாம், அதனாலேயே கூட்டம். எலிஃபண்ட் பீச் ஹேவ்லாக்கில். அந்தத் தீவுக்கும் 2018-இல் ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றிவிட்டார்கள். போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம், அங்கிருந்து இன்னொரு சின்னப் படகு. மரம் இழுக்கக் கொண்டுவந்த யானைகள் இருந்த தீவு அது. கடலில் நீந்திப் பெயர்பெற்ற ராஜன் என்ற யானை 2016-இல் இறந்தது. அந்தக் கடற்கரையில் படகு டிக்கெட்டோடு இலவசமாகப் பத்து நிமிட ஸ்நார்கெலிங் என்பார்கள். பத்து நிமிடத்தில் உங்கள் பயம்கூடத் தெளியாது. கூடுதல் பணம் கொடுத்து நீண்ட நேரம் எடுத்தால் மட்டும் போங்கள்.

ஜாலி பாயில் வரும் 'பாய்' பையன் இல்லை, கடலில் கப்பலுக்கு வழிகாட்ட விடும் மிதவை. 1983-இல் அறிவிக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவின் 15 தீவுகளில் ஒன்று. போர்ட் பிளேரிலிருந்து முப்பது கிலோமீட்டர் போல் சாலையில் வண்டூர் போய், அங்கிருந்து சதுப்பு மரக் காடுகளுக்கு நடுவே படகு. வனத்துறையின் அனுமதிச் சீட்டை முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். மழைக்காலத்தில் இதை மூடிவிட்டு ரெட் ஸ்கின் தீவைத் திறப்பார்கள், பவளத்துக்கும் ஓய்வு. தீவில் கடை கிடையாது, தங்க முடியாது, பிளாஸ்டிக்கைக் கொண்டுபோக விடமாட்டார்கள். எவர்சில்வர் டப்பாவில் புளிசாதம் கட்டிக்கொண்டு போங்கள். ஒன்றும் இல்லாத இடம் என்பதால்தான் தண்ணீர் அப்படி இருக்கிறது.

ஒன்று மறந்துவிட்டேன். டிசம்பரில் அங்கே மாலை ஐந்து மணிக்கே சூரியன் போய்விடும். காலை முதல் படகைப் பிடியுங்கள், வெளிச்சமும் நன்றாக விழும்.

போன வருடம் போனோம். விளம்பரத்தில் கலர் கலராகக் காட்டினார்கள், தண்ணீருக்குள் பாதிப் பவளம் சாம்பல் நிறம். ஏமாற்றிவிட்டார்களா?
– சென்னை வாசகி

விளம்பரம் போட்டவரைப் பற்றி நான் பேசவில்லை, ஆனால் படகுக்காரர் ஏமாற்றவில்லை, அம்மா. பவளம் என்பது நுண்ணிய உயிர்களின் கூட்டம். அதன் உடலுக்குள் குடியிருக்கும் பாசிதான் அதற்கு நிறமும் பெரும்பங்கு உணவும் தருகிறது. கடல்நீர் வழக்கத்தைவிட ஒன்றிரண்டு டிகிரி சூடாகிச் சில வாரம் அப்படியே நின்றால் பாசி வெளியேறிவிடும், பவளம் வெள்ளை வெளேரென்று ஆகும். சீக்கிரம் குளிர்ந்தால் பிழைக்கும். இல்லாவிட்டால் செத்த எலும்பின் மேல் வேறு பாசி படர்ந்து சாம்பலாகும். நீங்கள் பார்த்தது அதுதான். 2010 கோடையில் அந்தமானில் இது மிக மோசமாக நடந்தது. நான் வழக்கமாகப் பார்க்கும் இடத்துக்கு அந்த ஜூனுக்குப் பிறகு போனபோது, விளக்கை அணைத்துவிட்ட கல்யாண மண்டபம் போல் இருந்தது.

அதற்கு முன்பே 2004 டிசம்பர் 26. சுனாமியை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள், தரை நகர்ந்ததை மறந்துவிட்டார்கள். வட அந்தமானில் நிலம் ஒரு மீட்டருக்கும் மேல் உயர்ந்து பவளத்திட்டுகள் வெயிலில் காய்ந்து செத்தன. தெற்கே நிலம் தாழ்ந்தது, போர்ட் பிளேர் அருகே சிப்பிகாட்டில் நெல் விளைந்த வயல்களுக்குள் கடல் வந்தது.

ஆனாலும் நிறத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. தண்ணீர் சிவப்பைத்தான் முதலில் விழுங்கும். ஐந்து மீட்டருக்குக் கீழே சிவப்புப் பவளமே பழுப்பாகத்தான் தெரியும். விளம்பரக்காரர் விளக்கு வைத்து எடுத்திருப்பார்.

படகில் வாந்தி வராமல் இருக்க?
– மதுரை வாசகர்

கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன் அவோமின் போன்ற மாத்திரை, மருத்துவரைக் கேட்டுவிட்டு. தூக்கம் வரும், அந்த மயக்கத்தோடு தண்ணீரில் இறங்க வேண்டாம். இரண்டு இட்லி சாப்பிடுங்கள், பூரி கிழங்கு வேண்டாம். டீசல் புகை வராத பக்கம் உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள், செல்போனைப் பார்க்காதீர்கள்.

சுறா கடிக்குமா?
– நாகர்கோவில் வாசகி

பவளத்திட்டில் வரும் சின்னச் சுறா உங்களைக் கண்டால் ஓடிவிடும். முதலைக்குப் பயப்படுங்கள். 2010-இல் ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரைக்குப் பக்கத்தில் ஸ்நார்கெலிங் செய்த வெளிநாட்டுப் பெண் ஒருவர் உப்புநீர் முதலையால் இறந்தார். எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில், கழிமுகத்துக்குப் பக்கத்தில், யார் சொன்னாலும் இறங்காதீர்கள். சங்கு, பவளத்துண்டு எதையும் எடுத்துவராதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளம் 2001 முதல் புலி இருக்கும் அதே பட்டியலில் இருக்கிறது.

மன்னார் வளைகுடாவை விட்டுவிட்டு எல்லோரையும் அந்தமானுக்கு அனுப்புகிறீர்களே, நியாயமா?
– ராமநாதபுரம் வாசகர்

நியாயமில்லைதான். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே 21 தீவுகள், 1986 முதல் தேசியப் பூங்கா. பாம்பன் தீவிலுள்ள குந்துகாலிலிருந்து குருசடை தீவுக்கு வனத்துறைப் படகில் போகலாம். தண்ணீர் அந்தமான் அளவுக்குத் தெளிவாக இருக்காது. 21 என்று நான் எழுதினாலும் பூவரசன்பட்டி, விலங்குசல்லி இரண்டும் இன்று தண்ணீருக்குள். சுண்ணாம்புச் சூளைக்கும் வீடு கட்டவும் அங்கிருந்த பவளத்தை வெட்டி எடுத்தது முக்கியக் காரணம். நம் ஊரில் அதைப் பவளம் என்று யாரும் சொன்னதில்லை, முருகைக்கல் என்போம். என் தாத்தா வீட்டுப் பின்சுவர் முருகைக்கல். சின்ன வயதில் அதன் ஓட்டைகளில் பல்பக் குச்சிகளை ஒளித்துவைத்திருக்கிறேன். அது ஒருகாலத்தில் உயிரோடு இருந்தது என்று ஜாலி பாயில் ஒன்றை ஒடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.