பரணில் கிடந்த பெல்ஜியம் பீர்: குடிப்பதா, மாற்றிக்கொள்வதா?

கேள்வி: பெல்ஜியத்தில் பணிபுரியும் என் தம்பி, 2022-ஆம் ஆண்டு விடுமுறைக்கு வந்தபோது 330 மி.லி. அளவில் ஆறு பீர் கொண்டுவந்தான். ஓர்வால் இரண்டு பாட்டில், ரோஷ்ஃபோர் 10 இரண்டு பாட்டில், ஐ.பி.ஏ. (இந்தியா பேல் ஏல்) வகையில் இரண்டு கேன். மூன்று கோடைகள் அவை அட்டைப்பெட்டியோடு பரணில் கிடந்தன. அதன் பிறகே ஃபிரிட்ஜுக்கு மாற்றினேன். பழைய பீருக்கு மதிப்பு அதிகம் என்றும், ரோஷ்ஃபோர் இரண்டையும் கொடுத்தால் தம்மிடமுள்ள அமெரிக்க ஸ்டவுட் (கருநிற பீர்) இரண்டைத் தருவதாகவும் பெங்களூரு நண்பர் ஒருவர் சொல்கிறார். குடித்துவிடுவதா, மாற்றிக்கொள்வதா?
– வாசகர், கே.கே. நகர், மதுரை

பதில்: மாற்றிக்கொள்ள வேண்டாம், குடித்துவிடுங்கள். ஆனால் எதை எந்த எதிர்பார்ப்போடு திறப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நண்பர் சொல்வது பாதி உண்மை. காலம் எல்லாப் பீரையும் மேம்படுத்துவதில்லை. ஐ.பி.ஏ. நம்மூர் மல்லியைப் போன்றது. பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் நறுமணமே அதன் உயிர் என்பதால், சில மாதங்களிலேயே அந்த மணம் மங்கி, வெறும் கசப்பும் ஒருவித அசட்டுத் தித்திப்பும் எஞ்சும். அந்தக் கேன்கள் இரண்டையும் மதிப்புக் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள். ரோஷ்ஃபோர் 10 பழம்புளியின் இனம். 11.3 விழுக்காடு ஆல்கஹாலும் அடர்ந்த மால்ட்டும் (முளைகட்டி உலர்த்திய தானியம்) கொண்டது. பாட்டிலுக்குள்ளேயே ஈஸ்ட் தங்கியிருப்பதால், தக்க இடத்தில் வைத்தால் ஆண்டுக்கணக்கில் உலர்பழச் சுவை கூடி வரும். ஓர்வால் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. 6.2 விழுக்காடுதான் என்றாலும், பாட்டிலில் அடைக்கும்போது சேர்க்கப்படும் பிரெட்டனோமைசிஸ் என்னும் காட்டு ஈஸ்ட், மிச்சமிருக்கும் சர்க்கரையை மெல்ல மெல்லத் தின்று, பீரைத் தித்திப்பற்ற வறட்டுச் சுவைக்குக் கொண்டுபோகும். அடைத்த நாளும், அதிலிருந்து ஐந்தாண்டு தள்ளிய 'இதற்குள் அருந்துக' நாளும் அதன் லேபிளிலேயே இருக்கும், பாருங்கள்.

இனித் தங்கள் பரணுக்கு வருவோம். தக்க இடம் என்று மேலே சொன்னது ஏறத்தாழ 10 முதல் 13 டிகிரி வரையிலான, வெப்பம் ஏறியிறங்காத, இருட்டான நிலவறை. மதுரையில் கத்திரி வெயில் 40 டிகிரியைத் தொடும் நாளில் மொட்டைமாடிக்குக் கீழுள்ள பரண் என்ன பாடுபடும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. வெப்பம் பத்து டிகிரி உயர்ந்தால் வேதிவினைகளின் வேகம் தோராயமாக இரட்டிக்கும் என்பார்கள். அப்படிப் பார்த்தால் தங்கள் பீர் மூன்று கோடைகளில் பல ஆண்டுகளின் மூப்பை அடைந்திருக்கும், அதுவும் பக்குவமாக அன்று, வெந்துபோய். ஆக்சிஜன் பட்டு மூத்த பீரில் நனைந்த அட்டையின் வாடை வரும். அடர்ந்த பீரில் அது சில சமயம் ஷெர்ரி ஒயினை நினைவூட்டும் இனிய மணமாகவும் திரும்பும். ரோஷ்ஃபோர் விஷயத்தில் எனக்கு நம்பிக்கை இருப்பது இதனால்தான். அட்டைப்பெட்டிக்குள் இருந்ததால் வெளிச்சத்தால் வரும் கெட்ட நாற்றமாவது இராது.

ஆகவே நியாயமாக மாற்றிக்கொள்வதென்றால், பாட்டில் இருந்த இடத்தை நண்பரிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு அவர் கேட்கமாட்டார் என்றே நினைக்கிறேன். சட்டமும் இடம் தரவில்லை. தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் வசமே இருக்கிறது. 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் உரிமமின்றி விற்பது குற்றம். மாநில எல்லையைத் தாண்டினால் இரு மாநிலங்களின் ஆயத்தீர்வை விதிகளும் குறுக்கே வரும். பணம் கைமாறவில்லை, பண்டமாற்றுதானே என்று வாதிடலாம்தான். அந்த வாதத்தை ஒசூர்ச் சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு, கையில் இரண்டு பாட்டிலோடு சொல்லிப் பார்க்கும் ஆசை எனக்கில்லை. (பீர் மாற்றிக்கொள்வோர் ஏங்கும், பெல்ஜிய மடம் ஒன்றில் காய்ச்சப்படும் வெஸ்ட்ஃப்லேட்டரன் பீரை, மறுவிற்பனை கூடாது என்ற நிபந்தனையோடுதான் அந்த மடத்துத் துறவியரே விற்கிறார்கள்.)

நாள் கடந்த பீரால் உடலுக்குக் கேடு வருமோ என்ற அச்சம் வேண்டாம்; ஆல்கஹாலும் ஹாப்ஸும் புளிப்பும் சேர்ந்த இடத்தில் நோய்க்கிருமிகள் வளர்வதில்லை, கெடுவது சுவைதான். கவனம் வேண்டியது ஓர்வாலில். காட்டு ஈஸ்ட் வெப்பத்தில் சுறுசுறுப்பாக வேலை செய்திருந்தால் உள்ளே வாயு மிகுந்திருக்கும். பாட்டிலை நன்றாகக் குளிரவைத்து, குலுக்காமல் எடுத்து, துணி சுற்றிப் பாத்திரம் கழுவும் தொட்டியின்மேல் வைத்துத் திறவுங்கள்.

ரோஷ்ஃபோரில் முதலில் ஒன்றை மட்டும் திறவுங்கள். இரண்டு நாள் நிமிர்த்தி வைத்து ஈஸ்ட் படிந்ததும், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அரைமணி நேரம் கழித்து, அடிமண்டியை விட்டு மெதுவாக ஊற்றுங்கள். கடுங்குளிரில் அதன் மணம் எழாது. நன்றாக இருந்தால் மற்றொன்றைப் பெங்களூரு நண்பர் மதுரைக்கு வரும் நாளுக்கு வைத்திருங்கள். அட்டை வாடை அடித்தால் அவருக்காகக் காக்க வேண்டாம்; ஆட்டுக்கறிக் குழம்பில் ஊற்றலாமா என்றுகூடக் கேட்காதீர்கள், அந்த வாடை குழம்புக்கும் ஏறும்.