கொள்ளைநோய் வந்தா பழைய பேரரசுகள் ஏன் ஆட்டம் கண்டுச்சு?

ஒரு ஆட்சி நிலையா இருக்குன்னா வரி ஒழுங்கா வருது, படைக்கு சம்பளம் போகுது, அடுத்த ராஜா யாருங்கிற சண்டை இல்ல, அவ்ளோதான். கொள்ளைநோய் இந்த மூணுலயும் கை வைக்கும்.

ஜஸ்டினியன்ங்கிற ராஜா ஆண்ட கிழக்கு ரோமப் பேரரசையே எடுத்துக்கோங்க. 541ல எகிப்துல தெரிஞ்ச பிளேக் அடுத்த வருஷமே தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளுக்கு வந்துடுச்சு. உழுறவன் செத்துட்டா நிலம் தரிசு, ஆனா அரசுக்கு பணம் வேணுமே, அதனால செத்தவன் நிலத்து வரியையும் பக்கத்து நிலக்காரன் தலையில கட்டுனாங்கன்னு அப்போ வாழ்ந்த வரலாற்று ஆசிரியர் புரொகோப்பியஸ் எழுதிருக்காரு. சீட்டுல பாதி பேர் ஓடிட்டா மிச்சப் பேர் முழுப் பணத்தையும் கட்டுற கதைதான். ஆள் பஞ்சத்துல கூலி ரெண்டு மூணு மடங்கு கேட்டாங்க, 544ல பழைய கூலிதான் வாங்கணும்னு ஜஸ்டினியன் சட்டமே போட்டாரு (பயந்துட்டாருன்னு தோணுது).

ராஜாவுக்கே நோய் வந்துச்சு, பிழைச்சுட்டாரு. ஆனா படுத்திருந்தப்போ அடுத்த ராஜா பத்தி தளபதிங்க பேசுனாங்கன்னு புகார் போய், பெரிய தளபதி பெலிசாரியஸ் பதவியே போச்சாம், இதுவும் புரொகோப்பியஸ் சொல்றதுதான்.

பிளேக் வந்த உடனே பேரரசு விழுந்துடுச்சுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அது தப்பு, கான்ஸ்டான்டிநோபிள் துருக்கியர் கைக்குப் போனது 1453ல.