வளவு வீட்டில் வெளியாள் பங்கு வாங்கினால்

காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கொள்ளுத் தாத்தா பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போய், அதாவது வட்டித் தொழில் செய்யப் போய்ச் சம்பாதித்துக் கட்டிய வளவு வீடு; நடு முற்றத்தைச் சுற்றி அறைகள் உள்ள செட்டிநாட்டு வீடு. இன்று பதினோரு புள்ளிகளுக்கு, அதாவது பதினோரு தனிக் குடும்பங்களுக்குப் பாத்தியம். பெரியப்பா மகன் யாரிடமும் சொல்லாமல் தன் பங்கைப் பழம்பொருள் வியாபாரி ஒருவருக்குக் கிரயம் செய்துவிட்டார். வாங்கியவர் ஆளோடு வந்து முகப்புத் தேக்குத் தூண்களை அளந்து குறித்துக்கொண்டு போயிருக்கிறார். உடனே பாகப்பிரிவினை வழக்குப் போட்டு அந்தக் கிரயத்தை ரத்து செய்ய முடியுமா என்பது கேள்வி.

கடிதத்தில் பாதி, அண்ணன் செய்த துரோகம். இன்னொரு கால், பர்மாவின் ஐராவதி டெல்டாவில் போன வயல்கள். 1930-களின் பொருளாதார மந்தத்தில் கீழ் பர்மாவின் சாகுபடி நிலத்தில் கால்வாசி செட்டியார்கள் கைக்கு வந்ததும், 1942-ல் எல்லாவற்றையும் விட்டு ஓடிவந்ததும், அப்புறம் பர்மா அரசு நிலத்தை நாட்டுடைமையாக்கியதும் உண்மைதான். அதற்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தமில்லை. துரோகத்துக்கும் சட்டத்தில் பரிகாரம் இல்லை. பிரியாத சொத்தில் தன் பங்கை விற்க அவருக்கு உரிமை உண்டு; கிரயம் ரத்தாகாது.

பார்க்க வேண்டியது ஒன்றுதான்: வீடு இன்னும் பொதுவில் இருக்கிறதா? அறைகளைப் பிரித்துப் பதிவான பாகப்பத்திரம் இருந்தால் நான் கீழே சொல்வது பெரும்பாலும் உங்களுக்கு உதவாது. புள்ளிக்கு ஓர் இரட்டை அறை என்று புழக்கத்துக்கு ஒதுக்கிக்கொண்டது மட்டும் பாகப்பிரிவினை ஆகாது. கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தைப் படியுங்கள். 'வளவின் மேல்புறத்து இரட்டை அறை' என்று நான்கு எல்லையோடு எழுதியிருந்தாலும், வாங்கியவர் கைக்குப் போனது பிரியாத பங்கு மட்டுமே.

பிரியாத குடும்ப வீடு என்றால், சொத்து மாற்றுச் சட்டத்தின் 44-ஆவது பிரிவு உங்கள் பக்கம். வெளியாள் பங்கை வாங்கலாம். உங்களோடு கூட்டாக அனுபவிக்க உள்ளே வர முடியாது. 1990-ல் டோரப் வார்டன் வழக்கில், உள்ளே வந்துவிட்டவரையே வெளியேறச் சொன்ன இடைக்கால உத்தரவை உச்ச நீதிமன்றம் மீண்டும் நிலைநிறுத்தியது. யாரும் நிரந்தரமாகக் குடியில்லாத வீடுதானே என்று எதிர்த்தரப்பு கேட்கும். கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படைத்துக் கும்பிடுவது) என்று புள்ளிகள் வந்து கூடியதற்கான போட்டோ, அழைப்பிதழ், மின் கட்டண ரசீது எல்லாவற்றையும் திரட்டி வையுங்கள்.

இனி நான் பயப்படுகிற இடம். ஆத்திரத்தில் முதலில் பாகப்பிரிவினை கேட்பது நீங்களாக இருக்கக் கூடாது. 1893-ஆம் வருஷத்துப் பிரிவினைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, வெளியாளின் பங்கைக் கோர்ட் மதிப்பிடும் விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமையைப் பங்காளிக்குத் தருகிறது. ஆனால் பிரித்துத் தரச் சொல்லிக் கேட்பவர் அந்த வெளியாளாக இருக்க வேண்டும். கௌதம் பால் வழக்கில் (2000) உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. நீங்கள் முந்திக்கொண்டால் அந்த ஆயுதத்தை நீங்களே கீழே போடுகிறீர்கள்.

அதோடு முடியாது. வளவையும் முகப்பையும் பதினோரு துண்டாக எப்படி வெட்டுவது? பிரிக்க முடியாத சொத்தில், பாதிப் பங்கோ அதற்கு மேலோ கையில் உள்ளவர்கள் கேட்டால், கோர்ட் ஏலத்துக்கு உத்தரவிடலாம். சலித்துப்போன இன்னும் ஐந்தாறு புள்ளிகளிடம் அந்த வியாபாரி பங்கு வாங்கிவிட்டால் கணக்கு அவர் பக்கம் சாயும். ஏலத்தில் நிற்கப்போவதும் அவர்தான். தூண், நிலைக்கதவு, பெல்ஜியம் கண்ணாடி எது என்ன விலைக்குப் போகும் என்று உங்களைவிட அவருக்குத் தெரியும்.

ஆகவே 44-ஐ வைத்து, அவர் உள்ளே வரக் கூடாது என்ற கோர்ட் தடையான நிரந்தர உறுத்துக்கட்டளை மட்டும் கேளுங்கள். இடைக்காலத் தடையில் 'விற்கக் கூடாது' என்று மட்டும் வாங்கித் திரும்பாதீர்கள். எதையும் பெயர்க்கவோ அகற்றவோ கூடாது என்ற வாசகம் இருக்க வேண்டும். நேரில் பார்த்து அறிக்கை தரக் கோர்ட் நியமிக்கும் வக்கீல் கமிஷனரை வைத்துத் தூண் முதல் தாழ்ப்பாள் வரை பட்டியல் எடுத்துவிடுங்கள். 'சாமானை வைத்துவிட்டுப் போகிறேன்' என்று ஒரு அறைக்குப் பூட்டுப்போட அவரை யாராவது அனுமதித்தால், அதைச் சுவாதீனம், அதாவது தன் அனுபவத்தில் இருக்கும் இடம் என்று காட்டுவார். அதை மீட்கத் தனிப் பாடு படவேண்டும்.

தடை கிடைத்ததும் சமாதானம் பேசுங்கள். உள்ளே நுழைய முடியாத பங்கு என்பதால்தான் அவருக்கு மலிவாகக் கிடைத்திருக்கும். அவர் பணமும் அதில் முடங்கிக் கிடக்கும். போட்ட காசுக்கு மேல் கொஞ்சம் லாபம் வைத்துத் திருப்பி வாங்கிவிடுங்கள். அவருக்கு லாபமா என்று வயிறு எரியும், எரியட்டும். பேசப் போவதற்கு முன் மற்றப் புள்ளிகளில் யார் எவ்வளவு போடுகிறார்கள் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கிரயப் பத்திரத்திலும் பணம் போட்ட எல்லோர் பெயரும் அந்தந்த விகிதத்தோடு வரட்டும்.