கல்ட் படம் என்று எதைச் சொல்வீர்கள்? உங்களுக்குப் பிடித்தவை எவை?

ஓடாத படமெல்லாம் கல்ட் படம் ஆகிவிடாது. வந்த வாரத்தில் தயாரிப்பாளரின் கையைக் கடித்துவிட்டு, பத்து வருடம் கழித்தும் யாரோ ஒருவர் நண்பனைப் பிடித்து உட்காரவைத்து "இதைப் பார்த்தே ஆகணும்" என்று போட்டுக் காட்டுகிற படம்தான் கல்ட். வெளிவரும் முன்பே 'கல்ட் கிளாசிக்' என்று விளம்பரம் செய்தால் எனக்கு எரிச்சல் வரும். அந்தப் பட்டம் ரசிகர்கள் கொடுப்பது.

என் முதல் தேர்வு செல்வராகவனின் 'ஆயிரத்தில் ஒருவன்'. 2010 பொங்கலுக்கு வந்தபோது இரண்டாம் பாதி புரியவில்லை என்று பலரும் ஒதுக்கினார்கள். குழப்பம் இருப்பது உண்மைதான். ஆனால் தஞ்சையிலிருந்து தப்பிப்போன சோழர்களின் வழிவந்து, ஒளிந்து வாழ்ந்து பட்டினியில் வாடும் கூட்டமும், பார்த்திபனின் அந்த அரசனும், 'தாய் தின்ற மண்ணே' பாட்டும் என்னை விடவே இல்லை. அவர்களில் ஒருவர்கூடத் தஞ்சையைக் கண்ணால் பார்த்ததில்லை, ஆனாலும் அதற்காக ஏங்குகிறார்கள். தாத்தா பிறந்த ஊரைக் கதையாக மட்டுமே கேட்டு, சிங்கப்பூரில் வளர்ந்த எனக்கு அந்த ஏக்கம் நன்றாகவே தெரியும். 2021 கடைசி நாளில் தமிழ்நாட்டில் மறுபடி திரையிட்டபோது கூட்டம் அள்ளியது.

அப்புறம் 'ஆரண்ய காண்டம்' (2011). தணிக்கையில் 52 வெட்டு கேட்டார்கள், திரையரங்கில் ஓடவில்லை, இரண்டு தேசிய விருது வாங்கியது. இவ்வளவையும் மறந்தாலும் ஒரு காட்சி மறக்காது. உனக்கு உங்க அப்பாவை ரொம்பப் பிடிக்குமா என்று ஒரு சிறுவனிடம் கேட்கிறார் நடிகர் சம்பத். அப்படியெல்லாம் இல்லை, ஆனால் அவர் என் அப்பா என்கிறான் பையன். அழுகை கிடையாது, விளக்கம் கிடையாது. தகப்பன் மகன் பாசத்தை இதைவிட நேர்மையாகச் சொன்ன தமிழ்ப் படம் எனக்குத் தெரியாது.

நம்ம சிங்கப்பூருக்கென்று ஒன்று வேண்டுமென்றால் 'செயிண்ட் ஜாக்' (1979). 'ஜாக் ஆஃப் ஹார்ட்ஸ்' என்று வேறு பெயரும் வேறு கதையும் சொல்லி அனுமதி வாங்கி, இங்கேயே எடுத்த ஹாலிவுட் படம். இங்கே போட்டிருந்த தடை 2006இல்தான் நீங்கியது. விபச்சாரத் தொழில் நடத்துபவனின் கதை என்பதால் பிள்ளைகளோடு பார்க்க முடியாது. இரவு வாழ்க்கைக்குப் பேர்போன பழைய பூகிஸ் ஸ்திரீட்டை நேரில் கண்ட பெரியவர் யாராவது வீட்டில் இருந்தால் அவரோடு பாருங்கள். அடிக்கடி படத்தை நிறுத்தச் சொல்வார், நிறுத்துங்கள்.