மாப்பிள்ளை கொண்டு வந்த கத்தி

கேள்வி: ஒசாகாவில் வேலை பார்க்கும் என் மாப்பிள்ளை, பக்கத்தில் சகாய் என்ற ஊரில் கையால் அடித்தது என்று ஒரு கத்தி வாங்கி வந்தார். நீளமாக, ஒல்லியாக இருக்கிறது. மரப் பிடி, அலகில் ஜப்பானிய எழுத்து. "சாமுராய் வாள் செய்த பரம்பரை அண்ணி, லட்சக்கணக்கில் போகும், பீரோவில் பூட்டுங்க" என்கிறார் கொழுந்தனார். ஐப்பசி மழையில் பழுப்புப் புள்ளி விழுந்துவிட்டது. தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்கலாமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. நம் அரிவாள்மனைக்கு அவர் சரி, ஆனால் பொறி பறக்கச் சுற்றும் அந்தச் சக்கரத்தின் சூட்டில் இந்த மெல்லிய விளிம்பின் பதம் போய்விடும். இதைத் தண்ணீர் விட்டுக் கல்லில் கையால்தான் தீட்ட வேண்டும்.

கொழுந்தனார் சொல்வதில் பாதி சரி. 1876-ல் வாள் தரிக்கத் தடை வந்ததும் வாள் கொல்லர்கள் சிலர் கத்திக்கு மாறினார்கள்தான், ஆனால் சகாய்க்காரர்கள் அதற்கும் வெகு முன்பே புகையிலை நறுக்கும் கத்திக்குப் பேர் போனவர்கள். அப்புறம், அங்கே அடிப்பவர் ஒருவர், தீட்டுபவர் ஒருவர், பிடி போடுபவர் ஒருவர். அலகில் இருக்கும் பெயர் பல நேரம் கடைக்காரருடையது, கொல்லருடையது அல்ல. அதனால் எழுத்தைப் பார்த்து விலை சொல்ல முடியாது.

அலகைப் பகல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மேலே மங்கலான இரும்பு, கீழே பளிச்சென்று எஃகு, இரண்டும் ஒட்டிய கோடு தெரிந்தால் அது கசுமி. நல்ல கத்தி, ஆனால் உழைப்பதற்குச் செய்தது. முழுக்க ஒரே எஃகில் அடித்தது ஹொன்யாகி, சேகரிப்பவர்கள் தேடி அலைவது அதைத்தான். உங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் சுவாமிமலையில் மெழுகு உருவத்தின் மேல் காவிரி வண்டலைப் பூசுகிறார்களே, அதுபோல இதிலும் களிமண்தான் சூட்சுமம்: முதுகில் கனமாகவும் விளிம்பில் மெலிதாகவும் பூசி, பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால், விளிம்பு சட்டென்று ஆறி இறுகும், முதுகு மெதுவாக ஆறி இளகியே இருக்கும், இரண்டுக்கும் நடுவில் அலை மாதிரி ஒரு கோடு விழும். முக்கும்போதே விரிசல் விட்டு வீணாவது நிறைய, அந்த நஷ்டமும் சேர்ந்ததுதான் விலை.

அலைக்கோடு தெரிந்தால் புள்ளியைக்கூடத் தேய்க்காதீர்கள், தெரிந்தவர் தொடட்டும். கசுமி என்றால் சமையல் சோடாவைக் குழைத்து ஈரத்துணியால் மெதுவாகத் தேய்த்தால் போகும். நாளடைவில் படியும் நீலச் சாம்பல் நிறம் துரு இல்லை, அதை விட்டுவிடுங்கள். தாராளமாகப் புழங்குங்கள், ஆனால் தேங்காய், மீன் தலை, எலும்பு பக்கம் போகாதீர்கள், பல் விழுந்துவிடும். அது பச்சை மீனை ஒரே இழுப்பில் சீவப் பிறந்தது, ஒரு பக்கம்தான் சாய்வு, நீங்கள் இடது கைக்காரர் என்றால் கோணலாகவே போகும். மாங்காய், எலுமிச்சை நறுக்கினால் உடனே கழுவித் துடையுங்கள்.

பூட்டித்தான் வைப்பேன் என்றால் நன்றாகக் காயவைத்து, எண்ணெயை மெலிதாகத் தடவி வையுங்கள். அவர்கள் கமேலியா விதை எண்ணெய் பூசுவார்கள், நமக்குத் தேங்காய் எண்ணெய் போதும், நல்லெண்ணெய் நாளானால் பிசுபிசுக்கும். மழைக்காலத்தில் மர உறைக்குள் மட்டும் வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.